ஓர் எழுத்தை மட்டும் மாற்ற: க்யூ5 மியூட்டஜெனிசிஸ் கிட் எப்படி இருக்கிறது?

ப்ளாஸ்மிட் என்ற சிறு வட்ட டிஎன்ஏவில் உட்கார்ந்திருக்கும் ஒரு மரபணுவில், குறித்த ஓர் இடத்தில், ஓர் எழுத்து மட்டும் மாற வேண்டும். மீதி நாலாயிரம் எழுத்தும் அப்படியே இருக்க வேண்டும். நியூ இங்கிலாந்து பயோலேப்ஸ் நிறுவனத்தின் க்யூ5 சைட்-டைரக்டட் மியூட்டஜெனிசிஸ் கிட் இந்த ஒரு வேலைக்காகத்தான் விற்கப்படுகிறது. வேலையைச் செய்கிறதா என்றால், நன்றாகவே செய்கிறது. ஆனால் வாங்குகிறவர்கள் கவலைப்படும் இடம் ஒன்று, கிட் காலை வாரும் இடம் வேறொன்று. என்சைம் எவ்வளவு துல்லியமானது என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். தப்பான காலனிகளோ (தட்டில் வளரும் பாக்டீரியாக் கூட்டங்கள்) பெரும்பாலும் ப்ரைமர் என்ற தொடக்க டிஎன்ஏ துண்டிலிருந்தும், டெம்ப்ளேட்டாக, அதாவது நகலெடுக்கும் மூலமாகப் போட்ட ப்ளாஸ்மிட்டிலிருந்தும் வருகின்றன.

பெட்டிக்குள் 10 வினைக்கான பொருள் இருக்கும். க்யூ5 ஹாட் ஸ்டார்ட் 2எக்ஸ் மாஸ்டர் மிக்ஸ், கேஎல்டி (கைனேஸ், லைகேஸ், டிபிஎன்1) என்சைம் கலவை, அதற்கான 2எக்ஸ் பஃபர், வெளி டிஎன்ஏவை ஏற்கும்படி தயாரித்த காம்பிடென்ட் ஈ. கோலை செல்கள், எஸ்ஓசி ஊடகம், சரிபார்க்கக் கன்ட்ரோல் ப்ரைமரும் கன்ட்ரோல் ப்ளாஸ்மிட்டும். செல்களை மைனஸ் 80 டிகிரியிலும், என்சைம்களை மைனஸ் 20 டிகிரியிலும் வைக்க வேண்டும். மைனஸ் 80 ஃப்ரீசர் இல்லாத கல்லூரி ஆய்வகங்கள் செல்கள் இல்லாத வகையை வாங்குவதே நல்லது. அதுவும் தனியாகக் கிடைக்கிறது. ஒருமுறை சூடுபட்டுப் போன காம்பிடென்ட் செல்லை மறுபடி உறைய வைத்தால், வினை எவ்வளவு சரியாக நடந்திருந்தாலும் தட்டில் காலனி வராது.

இந்தக் கிட்டின் அமைப்பைப் புரிந்துகொள்ள, செல்லுக்குள் டிஎன்ஏ எப்படி இரட்டிப்பாகிறது என்பதைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். செல்லில் ஹெலிகேஸ் இரண்டு இழைகளையும் பிரிக்கும். ப்ரைமேஸ் ஒரு சிறு ஆர்என்ஏ துண்டைத் தொடக்கமாக வைக்கும். இழையின் இரு முனைகளுக்கு 5', 3' என்று பெயர்; பாலிமரேஸ் அதிலிருந்து 3' பக்கமாக எழுத்து எழுத்தாக நீட்டும். விட்டுப்போன இடைவெளியை லைகேஸ் மூடும். குழாயில் ஹெலிகேஸுக்குப் பதில் 98 டிகிரி சூடு. ப்ரைமேஸுக்குப் பதில் நாம் எழுதி வாங்கிய இரண்டு ப்ரைமர்கள். நீட்டுவது க்யூ5 என்ற பாலிமரேஸ். மூடுவதற்குக் கேஎல்டி கலவைக்குள் ஒரு லைகேஸ் இருக்கிறது. செல்லில் ப்ரைமரை அப்புறம் நீக்கி டிஎன்ஏவால் நிரப்பிவிடுவார்கள் பாலிமரேஸும் நியூக்ளியேஸும். இங்கே ப்ரைமர் அப்படியே புதிய டிஎன்ஏவின் பகுதியாகத் தங்கிவிடுகிறது. ப்ரைமரில் என்ன எழுதினோமோ அதுவே மரபணுவில் எழுதப்படுகிறது. சடுதி மாற்றத்தை நாம் விரும்பிய இடத்தில் வைக்க முடிவது இதனால்தான். ப்ரைமரில் உள்ள பிழை நேரே மரபணுவுக்குள் போவதும் இதனால்தான்.

மைக்கேல் ஸ்மித் 1978இல் இந்த வழியைக் காட்டினார். அதற்காக 1993இல் வேதியியல் நோபல் கிடைத்தது. அந்தப் பரிசைப் பகிர்ந்துகொண்டவர், குழாயில் டிஎன்ஏவைப் பல மடங்கு பெருக்கும் பிசிஆரைக் கண்டுபிடித்த கேரி மல்லிஸ். அந்த இருவரின் வேலையும் ஒரே குழாயில் சேர்வதுதான் இந்தக் கிட்.

ப்ரைமர் எழுதுவது

இரண்டு ப்ரைமர்களின் 5' முனைகளும் முதுகோடு முதுகாக ஒட்டி நிற்க வேண்டும். 3' முனைகள் எதிரெதிர்த் திசையில் ப்ளாஸ்மிட்டைச் சுற்றி ஓடும். கிடைப்பது முழு ப்ளாஸ்மிட்டின் நேர்கோட்டுப் பிரதி. அதை வளைத்து முனைகளைச் சேர்த்தால் வட்டம். ஓர் எழுத்தை மாற்றுவதானால் அந்த எழுத்து ஒரு ப்ரைமரின் நடுவில் இருக்கட்டும்; அதற்கு 3' பக்கம் குறைந்தது 10 எழுத்து டெம்ப்ளேட்டோடு பொருந்த வேண்டும். ஒரு துண்டை நீக்க, அந்தத் துண்டை நடுவில் விட்டுவிட்டு இரண்டு பக்கமும் ப்ரைமர் வைத்தால் போதும். சேர்க்க வேண்டியதை 5' வாலில் எழுதலாம். நீளமாக இருந்தால் பாதியை ஒரு ப்ரைமரிலும் மீதியை மற்றதிலும் வைக்கலாம். நிறுவனத்தின் என்இபேஸ்சேஞ்சர் என்ற இணையக் கருவி இதையெல்லாம் செய்து வெப்பநிலையையும் சொல்லிவிடும். இலவசம். கையால் கணக்குப் போடுவதை விட அதை நம்பலாம்.

ஓர் எடுத்துக்காட்டை நெருங்கிப் பார்ப்போம். ஜெல்லிமீனிலிருந்து வந்த பச்சை ஒளிர் புரதமான ஜிஎஃப்பியில் 238 அமினோ அமிலங்கள். ஒளிர்வதற்குக் காரணம் 65, 66, 67ஆம் இடங்களில் உள்ள செரின், டைரோசின், கிளைசின். இயல் மரபணுவில் 64இலிருந்து படித்தால் டிடிசி – டிசிடி – டிஏடி – ஜிஜிடி. ஓர் அமினோ அமிலத்தைக் குறிக்கும் மூன்று எழுத்துதான் கோடான்; 65ஆம் கோடானின் முதல் எழுத்தான டியை ஏ ஆக்கினால் டிடிசி – ஏசிடி – டிஏடி – ஜிஜிடி என்றாகும். செரின் போய் த்ரியோனின் வரும். ஓர் எழுத்துதான். ஆனால் இயல் புரதம் 395 நானோமீட்டரில் பெரிய முகடும் 475இல் சிறு முகடுமாக ஒளியை உறிஞ்சும். மாறிய புரதத்துக்கு 489 பக்கம் ஒரே முகடு. நீல ஒளியில் ஏறக்குறைய ஆறு மடங்கு பளிச்சென்று தெரியும். இதை 1995இல் வெளியிட்டது ரோஜர் சியெனின் குழு.

கிட்டைப் பழகுவதற்கு இதைவிட நல்ல பயிற்சி இல்லை. மாற்றம் நடந்ததா என்பதைத் தட்டில் நீல விளக்கைக் காட்டிக் கண்ணால் பார்க்கலாம்.

இதே எடுத்துக்காட்டில் என்ன கெடும் என்பதும் தெரியும். முன் ப்ரைமர் 61ஆம் கோடானான ஜிடிசியில் தொடங்குகிறது என்று வையுங்கள். ப்ரைமர் தயாரிப்பு 3' முனையிலிருந்து 5' நோக்கி நடக்கிறது. கடைசியில் சேரும் எழுத்து அந்த முதல் ஜி. அந்த ஒரு ஜி சேராத மூலக்கூறும் டெம்ப்ளேட்டில் நன்றாக ஒட்டும், நீளும், லைகேஸ் அதையும் மூடிவிடும். ஆனால் மூன்று மூன்று எழுத்தாகப் படிக்கும் சட்டகம் ஓர் எழுத்து நகர்ந்துவிட்டது. ஜிடிசி – ஏசிடி – ஏசிடி என்று படிக்க வேண்டியது டிசிஏ – சிடிஏ – சிடிடி என்று ஓடும். ஓடிக்கொண்டே போய், 76 முதல் 78 வரை ஜிஏடி – சிஏடி – ஏடிஜி என்று இருந்தது, நகர்ந்த சட்டகத்தில் ஏடிசி – ஏடிஏ – டிஜிஏ ஆகிறது. டிஜிஏ நிறுத்தக் கோடான். 238 இருக்க வேண்டிய புரதம் 77இல் முடிந்துபோகும். தட்டில் அந்தக் காலனி இருட்டாக இருக்கும். மாற்ற நினைத்த எழுத்து மட்டும் சரியாகவே மாறியிருக்கும்.

இப்போது எண்களைப் பார்த்தால் எதற்குக் கவலைப்பட வேண்டும் என்பது தெளிவாகும். க்யூ5 ஓர் இரட்டிப்பில் ஒரு பிழை செய்வது சராசரியாக 19 லட்சம் எழுத்துக்கு ஒருமுறை, 5.3×10⁻⁷ என்பது 2017இல் ஒற்றை மூலக்கூறு வரிசைப்படுத்தலால் அளந்து வெளியிட்ட விகிதம். அதே அளவீட்டில் சாதாரண டாக் பாலிமரேஸ் 6,700 எழுத்துக்கு ஒரு பிழை. ஃப்யூஷன் என்ற இன்னொரு பாலிமரேஸ் இரண்டுக்கும் நடுவே, டாக்கை விட 39 மடங்கு மேல். க்யூ5 280 மடங்கு மேல். 4,000 எழுத்து ப்ளாஸ்மிட்டில் 10 நானோகிராம் போட்டு 1 மைக்ரோகிராம் எடுத்தால் நடந்தது நூறு மடங்கு பெருக்கம், அதாவது ஏறக்குறைய 7 இரட்டிப்பு. க்யூ5இல் 100 மூலக்கூறில் ஒன்று அல்லது இரண்டில் மட்டும் வேண்டாத மாற்றம் இருக்கும். டாக்கில் ஒவ்வொரு மூலக்கூறிலும் சராசரி நான்கு.

ப்ரைமர் பக்கம் திரும்புங்கள். ஒவ்வோர் எழுத்தும் சேரும்போது 99.5 விழுக்காடு வெற்றி என்று கொண்டால், 5' முனையில் ஒன்றிலிருந்து பத்து எழுத்து வரை குறைந்த மூலக்கூறுகள் ஒரு ப்ரைமரில் ஏறக்குறைய 5 விழுக்காடு. இணைப்பு இரண்டு ப்ரைமரின் 5' முனைகளும் சந்திக்கும் இடம் என்பதால் இரண்டையும் கூட்ட வேண்டும். பத்தில் ஒரு காலனியில் இணைப்பில் எழுத்து விடுபட வாய்ப்பு இருக்கிறது. என்சைமின் பிழையோடு ஒப்பிட்டால் இது பல மடங்கு. அதனால் ப்ரைமரைத் தேவைக்கு மேல் நீளமாக எழுதாதீர்கள். 40 எழுத்துக்கு மேல் போனால் பேஜ் எனும் ஜெல் முறையில் சுத்திகரித்ததை வாங்குங்கள். அதற்குள் அடங்கினால் உப்பு நீக்கியதே போதும். ஆனால் ஒரு காலனியை மட்டும் எடுத்து வரிசைப்படுத்த அனுப்புவது சிக்கனமல்ல. நான்கு எடுங்கள்.

செய்முறையும் கவனிக்க வேண்டியவையும்

25 மைக்ரோலிட்டர் வினைக்கு: மாஸ்டர் மிக்ஸ் 12.5, 10 மைக்ரோமோலார் ப்ரைமர் ஒவ்வொன்றும் 1.25, டெம்ப்ளேட் 1 (1 முதல் 25 நானோகிராம்), தண்ணீர் 9. முதலில் 98 டிகிரியில் 30 விநாடி. பிறகு 25 சுற்று: 98இல் 10 விநாடி, ஒட்டும் வெப்பநிலையில் 10 முதல் 30 விநாடி, 72இல் ஆயிரம் எழுத்துக்கு 20 முதல் 30 விநாடி. கடைசியில் 72இல் 2 நிமிடம். 4,000 எழுத்து ப்ளாஸ்மிட்டுக்கு 72 டிகிரியில் 2 நிமிடம் கொடுத்தால் தாராளம்.

ஒட்டும் வெப்பநிலையில்தான் டாக் பழக்கம் இடறும். டாக்கில் டிஎம்மிலிருந்து, அதாவது ப்ரைமரில் பாதி டெம்ப்ளேட்டை விட்டுப் பிரியும் வெப்பநிலையிலிருந்து, 5 டிகிரி குறைப்பார்கள். க்யூ5 பஃபரில் ப்ரைமர் இன்னும் இறுக்கமாக ஒட்டுவதால் டிஎம்மை விட 3 டிகிரி கூட்ட வேண்டும். குறைத்தால் ஜெல்லில் பட்டை வராமல் போகலாம், அல்லது பல பட்டைகள் வரலாம். டிஎம் கணக்கில் டெம்ப்ளேட்டோடு பொருந்தும் பகுதியை மட்டும் எடுங்கள்; 5' வாலில் சேர்த்த எழுத்துகளைச் சேர்த்துக் கணக்கிட்டால் முதல் சுற்றே தோற்கும். சந்தேகம் இருந்தால் 60 முதல் 72 வரை குழாய்க்குக் குழாய் வெப்பநிலையை மாற்றி கிரேடியன்ட் ஓட்டி எந்தக் குழாயில் ஒரே பட்டை வருகிறதோ அதைப் பிடியுங்கள். ஹாட் ஸ்டார்ட், அதாவது சூடாகும் வரை வேலை செய்யாத என்சைம் என்பதால் அறை வெப்பத்தில் கலக்கலாம். இந்த வசதி உண்மையிலேயே உதவும்.

2 மைக்ரோலிட்டரை ஜெல்லில் ஓட்டிப் பாருங்கள். இந்தப் படியைத் தவிர்க்கிறவர்கள் அதிகம், தவிர்க்கவே கூடாது. சரியான நீளத்தில் ஒற்றைப் பட்டை இருந்தால் நேராகக் கேஎல்டிக்குப் போகலாம். பல பட்டை இருந்தால் வேண்டியதை வெட்டி எடுங்கள். குட்டிப் பட்டைகள் தட்டில் ஜெயித்துவிடும், ஏனென்றால் சிறிய ப்ளாஸ்மிட் செல்லுக்குள் சுலபமாகப் போகும்.

அடுத்து 10 மைக்ரோலிட்டர்: பிசிஆர் பொருள் 1, 2எக்ஸ் பஃபர் 5, கேஎல்டி கலவை 1, தண்ணீர் 3. அறை வெப்பத்தில் 5 நிமிடம். இந்த ஐந்து நிமிடத்தில் மூன்று வேலை நடக்கிறது. கைனேஸ் 5' முனையில் பாஸ்பேட் வைக்கிறது. வாங்கிய ப்ரைமர்களில் அது கிடையாது, அது இல்லாமல் லைகேஸால் மூட முடியாது. லைகேஸ் வட்டமாக்குகிறது. டிபிஎன்1 பழைய டெம்ப்ளேட்டை வெட்டுகிறது.

இந்த மூன்றாவது வேலை அழகானது. ஈ. கோலையில் டேம் என்ற என்சைம் ஜிஏடிசி என்று வரும் இடங்களில் ஏவுக்கு மெத்தில் சேர்க்கும். டிஎன்ஏ இரட்டிப்பானதும் புதிய இழையில் கொஞ்ச நேரத்துக்கு மெத்தில் இருக்காது. எது பழையது, எது புதியது என்று பிழைதிருத்த அமைப்பு அதை வைத்துத்தான் கண்டுகொண்டு புதியதைத் திருத்துகிறது. குழாயில் க்யூ5 எழுதிய டிஎன்ஏவில் மெத்தில் எப்போதும் இருக்காது. மெத்தில் உள்ள ஜிஏடிசியை மட்டும் வெட்டும் டிபிஎன்1, மாற்றம் இல்லாத பழைய ப்ளாஸ்மிட்டை மட்டும் தேர்ந்து நொறுக்குகிறது. செல் தன் பிழையைத் திருத்த வைத்த அடையாளத்தையே, நாம் வைத்த மாற்றத்தைக் காப்பாற்ற இந்தக் கிட் பயன்படுத்துகிறது.

அதனால்தான் டெம்ப்ளேட் ப்ளாஸ்மிட் எந்தச் செல்லிலிருந்து எடுத்தது என்பது முக்கியம். டிஹெச்5ஆல்ஃபா போன்ற டேம் உள்ள வகையில் வளர்த்ததாக இருக்க வேண்டும். டேம் இல்லாத ஜேஎம்110 போன்றவற்றிலிருந்து எடுத்ததைப் போட்டால் டிபிஎன்1 ஒன்றும் செய்யாது; தட்டு நிறைய காலனி, எல்லாம் பழையது. அடுத்த தவறு டெம்ப்ளேட்டை அள்ளிப் போடுவது. 100, 200 நானோகிராம் போட்டால் ஐந்து நிமிடத்தில் வெட்டி முடியாது. பட்டை மங்கலாக இருக்கிறதே என்று டெம்ப்ளேட்டைக் கூட்டுவதை விட வெப்பநிலையைச் சரிசெய்யுங்கள். பழைய காலனி தொல்லை தொடர்ந்தால், பிசிஆருக்குப் பிறகு கூடுதலாக டிபிஎன்1 சேர்த்து 37 டிகிரியில் அரை மணி வைக்கலாம்.

கைனேஸுக்கும் லைகேஸுக்கும் ஏடிபி தேவை. அது பஃபரில் இருக்கிறது. பத்து முறை உறைந்து உருகினால் ஏடிபி சிதையும். முதல் நாளே பஃபரைச் சிறு குழாய்களில் பிரித்து வைத்துவிடுங்கள். கடைசி மூன்று வினைகளில் மட்டும் காலனி வராதவர்கள் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான்.

5 மைக்ரோலிட்டர் கேஎல்டியை 50 மைக்ரோலிட்டர் செல்லில் சேர்த்து, ஐஸில் 30 நிமிடம், 42 டிகிரியில் 30 விநாடி, மறுபடி ஐஸில் 5 நிமிடம், 950 மைக்ரோலிட்டர் எஸ்ஓசி, 37 டிகிரியில் ஒரு மணி நேரம் குலுக்கல். 50 முதல் 100 மைக்ரோலிட்டரைத் தட்டில் பரப்பலாம். கேஎல்டி கலவையில் உப்பு இருப்பதால் சுத்திகரிக்காமல் எலெக்ட்ரோபோரேஷனுக்கு (மின்துடிப்பால் செல்லுக்குள் டிஎன்ஏ ஏற்றும் முறை) பயன்படுத்தாதீர்கள். க்யுவெட்டில் பொறி பறக்கும்.

பழைய க்விக்சேஞ்ச் முறையோடு ஒப்பிட்டால், அங்கே இரண்டு ப்ரைமரும் ஒன்றுக்கொன்று முழுதாக நிரப்பிகள். அதனால் டெம்ப்ளேட்டைவிடத் தங்களுக்குள்ளேயே ஒட்டிக்கொள்ள ஆசைப்படும். பெருக்கமும் நேர்விகிதம்தான், 12 முதல் 18 சுற்றில் கிடைப்பது கொஞ்சம். டிபிஎன்1க்கு ஒரு மணி நேரம். அங்கே லைகேஸ் தேவையில்லை, வெட்டை செல்லே மூடிக்கொள்ளும். செலவில் அது ஒரு லாபம். ஓர் எழுத்தை மாற்ற அது இன்னும் போதுமானது. துண்டு சேர்க்கவும் நீக்கவும் க்யூ5 கிட் வெகு தூரம் முன்னால் நிற்கிறது. தூரத்தில் உள்ள மூன்று நான்கு இடங்களை ஒரே சமயத்தில் மாற்ற இரண்டுமே சரிப்படாது; பல துண்டுகளை ஒன்றாக ஒட்டும் கிப்சன் வகை இணைப்புக்குப் போங்கள்.

எந்தக் கோடானை எழுதுவது என்பதைக் கருவி உங்களிடமே விட்டுவிடுகிறது. அமினோ அமிலம் சரியாக இருந்தால் போதும் என்று நினைக்கக் கூடாது. ஆர்ஜினினுக்கு ஆறு கோடான், ஈ. கோலையில் புரதம் எடுப்பதானால் ஏஜிஏ, ஏஜிஜி இரண்டையும் ஒதுக்கி சிஜிடி எழுதுங்கள், முதல் இரண்டுக்கும் டிஆர்என்ஏ அங்கே அரிது. லியூசினுக்கும் செரினுக்கும் ஆறு ஆறு இருப்பதால், பொருள் மாறாமல் பக்கத்தில் ஒரு என்சைம் வெட்டும் இடத்தை உண்டாக்கி, காலனிகளின் ப்ளாஸ்மிட்டை வெட்டிப் பார்த்தே பிரிக்கலாம். மெத்தியோனினுக்கும் ட்ரிப்டோபேனுக்கும் ஒரே கோடான், அங்கே இந்த வசதி இல்லை. அமினோ அமிலத்தை நீக்குவதில் எல்லை எங்கே விழுகிறது என்று பாருங்கள். சிஸ்டிக் ஃபைப்ரோசிஸில் பெரிதும் காணப்படும் நீக்கம் இதற்கு நல்ல உதாரணம்: 507, 508 கோடான்கள் ஏடிசி – டிடிடி, அதிலிருந்து சிடிடி போனதும் மிச்சம் ஏடிடி. ஐசோலியூசின் அப்படியே, ஃபீனைல்அலனின் மட்டும் காணாமல் போகிறது. மூன்று எழுத்து போனதால் சட்டகம் நகரவில்லை. அந்த நீக்கத்தை அப்படியே உண்டாக்க நினைத்து டிடிடியை எடுத்துவிட்டால் புரதம் அதேதான், ஆர்என்ஏ வரிசை வேறு; ஆர்என்ஏவை ஆராய்கிறவர்களுக்கு அந்த வித்தியாசம் முக்கியம்.

பணக் கணக்கில், வருடத்துக்கு ஐந்தாறு மாற்றம் செய்கிறவர்களுக்கு முழுக் கிட். மாதம் பத்து செய்கிறவர்கள் க்யூ5 மாஸ்டர் மிக்ஸையும் கேஎல்டி கலவையையும் தனித்தனியாக வாங்கி, செல்லை ஆய்வகத்திலேயே தயாரித்துக்கொள்ளலாம். வினை ஒன்றும் மாறாது. முதல்முறை வாங்கினால் கன்ட்ரோல் வினையை ஒருமுறை கட்டாயம் ஓட்டுங்கள். அது வேலை செய்து உங்களுடையது செய்யாவிட்டால் தேட வேண்டிய இடம் ப்ரைமர்தான் என்று அப்போதே தெரிந்துவிடும்.

காலனி கிடைத்ததும் சாங்கர் வரிசைப்படுத்தல். முதல் 30 முதல் 50 எழுத்து தெளிவாக வராது என்பதால், வரிசைப்படுத்தும் ப்ரைமரை மாற்றத்திலிருந்து நூறு எழுத்தாவது தள்ளி வையுங்கள். 700, 800 எழுத்துக்கு மேல் முகடுகள் குழம்பும். ஜிஎஃப்பி நிறுத்தக் கோடானோடு 717. இரண்டு பக்கமிருந்தும் படித்தால்தான் முழு மரபணுவையும் நம்பலாம். மாற்றிய எழுத்தை மட்டும் பார்த்துவிட்டுக் கோப்பை மூடாதீர்கள். இரண்டு ப்ரைமரும் சந்திக்கும் இணைப்பை எழுத்து எழுத்தாகப் படியுங்கள், பிறகு மீதியைப் பாருங்கள். மாற்றிய இடத்தில் மட்டும் இரண்டு முகடு ஒன்றன் மேல் ஒன்றாக இருந்தால் அந்தக் காலனியில் பழைய ப்ளாஸ்மிட்டும் புதியதும் சேர்ந்திருக்கின்றன. அதைத் தூக்கி எறிய வேண்டாம். அந்த ப்ளாஸ்மிட்டையே மிகக் குறைந்த அளவில் புதிய செல்லில் ஏற்றி, தனிக் காலனி எடுத்து மறுபடி அனுப்புங்கள்.